ஊர் முன்னால் உண்மை: வேதாகம வாசிப்பில் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகள்

மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடி போகும் வழியில் எங்கள் ஊர். ஞாயிறு சாயங்காலம் பத்துப் பதினைந்து பேர் பாய் விரித்து உட்கார்ந்து வேதம் வாசிக்கிறோம். பாதிப்பேர் லுத்தரன் சபையார், பாதிப்பேர் கத்தோலிக்கர். பக்கத்துத் தெருவிலிருந்து சைவர் ஒருவரும் வருவார், சுண்டலுக்காகத்தான் வருகிறேன் என்று சொல்லிக்கொண்டே. சில மாதங்களுக்கு முன் எங்கள் சபைக் கணக்கில் ஒரு சிக்கல் வந்தது. அதற்குக் காரணம் நான்தான்; கீழே சொல்கிறேன். அதிலிருந்து மூன்று மாதம் வேறு எதையும் வாசிக்கவில்லை. ஊரே நம்மைப் பார்க்கும்போது உண்மையாக இருப்பது எப்படி என்ற ஒன்றையே வாசித்தோம். ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வந்ததால் எழுதி வைக்கலாம் என்று தோன்றியது. நான் போதகரும் இல்லை, இறையியல் படித்தவனும் இல்லை. நெல்லும் உளுந்தும் போடுகிறவன். ஆறு வருஷம் சபைப் பொருளாளராக இருந்தவன்.

எந்த மொழிபெயர்ப்பை வைத்துப் பேசுகிறீர்கள்?

மேற்கோள் காட்டும்போது பழைய மொழிபெயர்ப்பு. எனக்கு மனப்பாடம் ஆனது அதுதான். கத்தோலிக்க நண்பர்கள் பொது மொழிபெயர்ப்பை வைத்துக்கொள்வார்கள். அவர்கள் விவிலியம் என்பார்கள், நாங்கள் வேதாகமம் என்போம். சூசன்னா கதை எங்கள் புத்தகத்தில் இல்லை; அதற்கு வரும்போது மட்டும் அவர்கள் புத்தகத்தைக் கடன் வாங்க வேண்டியிருந்தது.

‘பொய் சொல்லாதே’ எத்தனையாவது கட்டளை?

லுத்தரன்களுக்கும் கத்தோலிக்கர்களுக்கும் 8ஆவது. தென்னிந்தியத் திருச்சபைக்காரர்களைக் கேட்டால் 9 என்பார்கள். கட்டளைகளைப் பிரிக்கும் முறை வேறு, அவ்வளவுதான். ஆனால் கவனித்தீர்களா, அங்கே இருப்பது வெறும் ‘பொய் சொல்லாதே’ அல்ல. அடுத்தவனுக்கு விரோதமாகப் பொய்ச்சாட்சி சொல்லாதே என்று இருக்கிறது. பஞ்சாயத்தில், ஊர்வாசலில், ஒரு மனுஷனுடைய உயிரோ நிலமோ பேரோ நம் வாயில் தொங்கும்போது என்ன சொல்கிறோம் என்பதுதான் முதல் கவலை. உபாகமம் 19இல் இதற்குத் தண்டனையும் இருக்கிறது: பொய்ச்சாட்சிக்காரன் அடுத்தவனுக்கு என்ன கேடு நினைத்தானோ அதையே அவனுக்குச் செய்ய வேண்டும். மரண தண்டனை வழக்கில் சாட்சி சொன்னவனின் கைதான் முதல் கல்லை எறிய வேண்டும் என்று 17ஆம் அதிகாரம் சொல்கிறது. வாயால் கொன்றுவிட்டுக் கையைக் கழுவிக்கொள்ள வழியில்லை.

சத்தியம் பண்ணலாமா?

தமிழில் இது விசித்திரமான கேள்வி. ‘சத்தியம்’ என்றால் உண்மையும் அதுதான், ஆணையும் அதுதான். ‘சத்தியமாச் சொல்றேன்’ என்று ஒருவன் ஆரம்பித்தால் நாம் உடனே சந்தேகப்படுகிறோம்; அந்தச் சொல் அவ்வளவு தேய்ந்துவிட்டது. முறைத் தண்ணீர் விடும் நாட்களில் ராத்திரியோடு ராத்திரியாக மடையை அடைத்துவிட்டு, காலையில் வரப்பில் நின்று ‘வேளாங்கண்ணி மாதா மேல சத்தியமா நான் இல்லண்ணே’ என்று சொன்னவரை நான் பார்த்திருக்கிறேன். அவர் மண்வெட்டியில் சேறு காயவில்லை.

இயேசு மலைப்பிரசங்கத்தில் நேராக இதைத் தொடுகிறார். வானத்தின்மேல் வேண்டாம், பூமியின்மேல் வேண்டாம், எருசலேம்மேல் வேண்டாம், உன் தலையின்மேலும் வேண்டாம். “உள்ளதை உள்ளதென்றும், இல்லதை இல்லதென்றும் சொல்லுங்கள்” (மத்தேயு 5). 23ஆம் அதிகாரத்தில் அந்தக் காலத்து தந்திரம் ஒன்றையும் போட்டு உடைக்கிறார்: தேவாலயத்தின்மேல் ஆணையிட்டால் செல்லாது, தேவாலயத்துப் பொன்னின்மேல் ஆணையிட்டால்தான் செல்லும் என்று ஒரு கணக்கு வைத்திருந்தார்களாம். தப்பிக்க ஒரு சந்து வைத்துக்கொண்டே சத்தியம் பண்ணுவது அன்றைக்கும் இருந்தது.

அப்படியானால் கோர்ட்டில் உறுதிமொழி எடுக்கக் கூடாதா என்று ஒரு வாத்தியார் கேட்டார். பவுல் தம் கடிதங்களில் தேவனைச் சாட்சியாகக் கூப்பிடுகிறார். ஆகவே பெரும்பாலான சபைகள் அதைத் தடுப்பதில்லை. ஆணை தேவைப்படாத அளவுக்குச் சாதாரணப் பேச்சு நம்பிக்கையாக இருக்க வேண்டும் என்பதுதான் விஷயம் என்று நான் புரிந்துகொள்கிறேன்.

தன் கணக்கைத் தானே ஊர்முன் வைத்தவர் வேதத்தில் யாராவது உண்டா?

சாமுவேல். 1 சாமுவேல் 12. வாலிப வயதிலிருந்து ஊருக்கு நியாயம் விசாரித்தவர், தலை நரைத்து, அரசனிடம் பொறுப்பை ஒப்படைக்கும் நாளில் ஜனங்களைக் கூட்டி நிறுத்தி இப்படிக் கேட்கிறார்: “நான் யாருடைய எருதை எடுத்துக்கொண்டேன்? யாருடைய கழுதையை எடுத்துக்கொண்டேன்? யாருக்கு அநியாயஞ்செய்தேன்?” லஞ்சம் வாங்கிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டேனா என்றும் கேட்கிறார். அப்படி உண்டென்றால் சொல்லுங்கள், திருப்பித் தருகிறேன். புது அரசன் பக்கத்தில் நிற்கிறான். ஜனங்கள், நீர் யாரிடமும் எதையும் வாங்கவில்லை என்று சொல்கிறார்கள்.

பதவியிலிருந்து இறங்கும் நாளில் மாலை வாங்கிக்கொண்டு போவதுதான் நம் வழக்கம். ‘என்மேல் யாருக்காவது பாக்கி இருக்கிறதா’ என்று கேட்டு நின்றவரை நான் பார்த்ததில்லை. எருது, கழுதை என்று பெயர் சொல்லிக் கேட்பதுதான் எனக்குப் பிடித்தது. ‘ஏதாவது தவறு செய்திருந்தால் மன்னிக்கவும்’ என்ற பொதுப்படையான பேச்சு இல்லை. பொதுவாகக் கேட்டால் பொதுவாகத்தான் பதில் வரும். எருதைச் சொல்லிக் கேட்டால், எருது போனவன் எழுந்து நிற்பான்.

ஆனால் இதில் ஒரு முள் இருக்கிறது. எங்கள் கூட்டத்தில் பள்ளிக்கூடத்தில் சத்துணவு வேலை செய்யும் ஒரு அக்காதான் எடுத்துக் காட்டினார். நான்கு அதிகாரம் முன்னால் போய்ப் பாருங்கள் என்றார். சாமுவேலின் இரண்டு பிள்ளைகள், யோவேலும் அபியாவும், பெயெர்செபாவில் நியாயாதிபதிகளாக இருந்து லஞ்சம் வாங்கினார்கள். ஜனங்கள் அரசன் வேண்டும் என்று கேட்க ஆரம்பித்ததே அதனால்தான். 12ஆம் அதிகாரத்தில் பெரியவர் அந்தப் பிள்ளைகளைப் பற்றி என்ன சொல்கிறார்? என் குமாரர் உங்களோடிருக்கிறார்கள் என்று ஒரே வரி. தன் கணக்கை முழுதாக விரித்தவர், பிள்ளைகள் பக்கத்தை மட்டும் மடித்தே வைத்துவிட்டார். இதை வைத்துச் சாமுவேலைக் குறை சொல்லலாமா என்று அரை மணி நேரம் வாதாடினோம். எனக்கென்னவோ, அவரை அப்படியே எழுதி வைத்தவர்கள்மேல்தான் மரியாதை கூடியது.

கோயில் பணத்துக்கு எதற்கு இத்தனை கணக்கு? கடவுளுக்குத் தெரிந்தால் போதாதா?

அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இதுதான். என் கதையை இங்கே சொல்லிவிடுகிறேன்.

அறுப்பின் பண்டிகை அன்று எங்கள் சபையில் ஏலம் நடக்கும். முதல் கதிர், வாழைத்தார், சேவல், முட்டை, பூசணிக்காய் எல்லாம் வரும். ஒரு முட்டையே நூறு ரூபாய்க்குப் போகும். அந்த வருஷம் ராத்திரி எண்ணிப் பார்த்தபோது சீட்டில் இருந்ததைவிட 2,300 ரூபாய் குறைந்தது. மறுநாள் காலை கணக்கு வாசிக்க வேண்டும். யாரிடம் கேட்பது, எதற்கு வம்பு என்று என் கைக்காசைப் போட்டுச் சரிசெய்து, ‘ஏல வரவு முழுவதும் பெறப்பட்டது’ என்று எழுதி வாசித்தேன். நல்ல காரியம் செய்த நினைப்பு வேறு. அடுத்த வருஷம் ஒருவர் வந்து செயலாளரிடம் 2,300 ரூபாயைக் கொடுத்து, போன ஏலத்தில் ஒரு சேவலும் இரண்டு தாரும் கடனுக்கு எடுத்தேன், இப்போதுதான் உளுந்து விற்றது என்றார். செயலாளர் நோட்டைப் புரட்டினார். அந்தப் பணம் ஏற்கெனவே வந்துவிட்டதாக என் கையெழுத்து. ‘அப்ப அது யார் கொடுத்தது?’ கேள்வி ஊரைச் சுற்றியது. முதலில் எடுத்துவிட்டுப் பிறகு பயந்து போட்டிருப்பான் என்றார்கள். சொந்தக் காசைப் போட்டவனைப் போய் இப்படிப் பேசுகிறீர்களே என்று சிலர் எனக்காகப் பேசினார்கள். எங்கள் பழைய உபதேசியாரின் மனைவி மட்டும் என்னிடம் ஒன்று கேட்டார்: “தம்பி, நோட்டுல நீ எழுதினது நடந்துச்சா, நடக்கலையா?”

நடக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் 2 இராஜாக்கள் 12ஐ ஒழுங்காக வாசித்தேன். அரசன் யோவாஸ் தேவாலயத்தைப் பழுதுபார்க்கப் பணம் வாங்கிக்கொள்ளும்படி ஆசாரியர்களுக்குச் சொல்கிறான். அவன் ஆட்சியின் 23ஆம் வருஷம் வரை ஒரு விரிசலும் அடைக்கப்படவில்லை. திருடினார்கள் என்று வசனம் சொல்லவில்லை. வேலை நடக்கவில்லை என்று மட்டும் சொல்கிறது. அப்புறம் ஆசாரியன் யோய்தா என்ன செய்தான்? ஒரு பெட்டியை எடுத்து, மூடியில் துளை போட்டு, பலிபீடத்தின் பக்கத்தில் ஆலயத்துக்குள் நுழைகிறவர்களின் வலது பக்கமாக வைத்தான். நம் உண்டியலேதான். பெட்டி நிறைந்ததும் அரசனின் எழுத்தரும் பிரதான ஆசாரியனும் இருவருமாக வந்து எண்ணிப் பையில் கட்டினார்கள். ஒருவர் அரண்மனை ஆள், ஒருவர் ஆலய ஆள். தனியாக எண்ணுவதற்கு இருவருக்குமே இடமில்லை.

எஸ்றா 8 இன்னும் கறார். பாபிலோன் தேசத்திலிருந்து எருசலேமுக்கு வெள்ளியும் பொன்னும் கொண்டுபோகிறார்கள். ஏறக்குறைய நான்கு மாதப் பயணம். காவலுக்குப் படை கேட்க எஸ்றாவுக்கு வெட்கம், ஏனென்றால் தேவன் காப்பார் என்று அரசனிடம் ஏற்கெனவே பெருமையாகச் சொல்லியாகிவிட்டது. சரி, தேவன்மேல் அவ்வளவு நம்பிக்கை உள்ளவர், பணத்தை என்ன செய்கிறார்? ஆசாரியர்களில் 12 பேரைப் பிரித்தெடுத்து, நிறுத்துக் கொடுக்கிறார். எருசலேம் சேர்ந்ததும் ஆலயத்தில் மறுபடி நிறுத்து, மொத்த எடையும் எழுதப்படுகிறது. வழிப்பறிக்காரனிடமிருந்து காப்பாற்றுவதைத் தேவனிடம் விட்டவர், எடையைத் தராசிடம்தான் விட்டார்.

பவுலுக்கும் இதே புத்தி. எருசலேமின் ஏழைகளுக்காக மக்கெதோனியாவிலும் அகாயாவிலும் காணிக்கை சேர்த்தபோது, தீத்துவோடு இன்னும் இரண்டு பேரைக் கூட அனுப்புகிறார். அவர்களில் ஒருவரைச் சபைகளே தெரிந்தெடுத்தன (2 கொரிந்தியர் 8). காரணத்தையும் சொல்கிறார்: இந்தப் பெரிய தொகை விஷயத்தில் யாரும் எங்களைக் குற்றப்படுத்த இடம் இருக்கக் கூடாது, கர்த்தருக்கு முன்பாக மாத்திரமல்ல, மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமாக நடக்கப் பார்க்கிறோம். கடவுளுக்குத் தெரிந்தால் போதாதா என்ற கேள்விக்கு இதைவிட நேரான பதில் எனக்குக் கிடைக்கவில்லை. பன்னிரண்டு பேரில் பணப்பையை வைத்திருந்தவன் யூதாஸ், அதிலிருந்து எடுத்தான் என்று யோவான் 12 சொல்வதையும் அன்று வாசித்தோம். பை ஒரே ஆளிடம் இருந்தது.

வலது கை செய்வது இடது கைக்குத் தெரியக் கூடாது என்று இருக்கிறதே?

அது கொடுப்பவனுக்கு. வாங்கி வைத்திருப்பவனுக்கு அல்ல. இந்த ஒரு வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டால் மத்தேயு 6க்கும் 2 கொரிந்தியர் 8க்கும் சண்டை இல்லை. எங்கள் ஊரில் இது தலைகீழ். கொடுத்தவர் பெயர் மின்விசிறியின் இறக்கையில்கூட எழுதியிருக்கிறது. சுவிட்சைப் போட்டால் யாருக்கும் தெரியாது, அந்த வகையில் வசனம் நிறைவேறுகிறது. வாங்கியவர் வைத்திருக்கும் நோட்டு மட்டும் பீரோவில், பூட்டில்.

அனனியா, சப்பீராள் கதை ரொம்பக் கொடூரமாக இல்லையா? பாதிப் பணத்தை வைத்துக்கொண்டதற்குச் சாவா?

ஆதிச்சபையில் நிலத்தை விற்ற கணவன் மனைவி இவர்கள் (அப்போஸ்தலர் 5). பாதிப் பணத்தை வைத்துக்கொண்டதற்கு அல்ல. பேதுரு அதைத் தெளிவாகவே கேட்கிறார்: விற்கும் முன்னே அது உன்னுடையதாயிருக்கவில்லையா, விற்ற பின்னும் அது உன் வசத்தில் இருக்கவில்லையா? நிலம் அவனுடையது. முழுதாக வைத்துக்கொண்டிருந்தாலும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். கொஞ்சம் கொண்டுவந்து, ‘கொஞ்சம்தான் ஐயா’ என்று சொல்லியிருந்தால் வாழ்த்தி அனுப்பியிருப்பார்கள். கொஞ்சத்தைக் கொண்டுவந்து முழுவதும் என்று காட்டியதுதான் விஷயம். அதற்குச் சற்று முன்புதான் பர்னபா என்று பெயர் பெற்ற யோசே நிலத்தை விற்று முழுப் பணத்தையும் கொண்டுவந்தார்; அந்தப் பேர் இவர்களுக்கும் வேண்டியிருந்தது. மனைவி மூன்று மணி நேரம் கழித்து வருகிறாள். இவ்வளவுக்குத்தானா விற்றீர்கள் என்று அவளிடம் விலையைச் சொல்லிக் கேட்கிறார்கள். மாற்றிச் சொல்ல அவளுக்கு வாய்ப்பு இருந்தது.

தண்டனை கொடூரமா என்றால், எனக்கும் கொடூரமாகத்தான் படுகிறது. அந்த இடத்தை வாசிக்கும்போதெல்லாம் என் 2,300 ரூபாய் நினைவுக்கு வருகிறது. நான் கூட்டிக் காட்டினேன், அவர்கள் குறைத்துக் கொடுத்தார்கள். ஆனால் இரண்டு பேரும் சொன்ன தொகை நடக்காத தொகை.

நெல் எடை போடும் இடத்தில் மூட்டைக்கு இவ்வளவு என்று கேட்கிறார்கள். கொடுக்காவிட்டால் நெல் மழையில் நனையும். கொடுப்பவனும் பாவியா?

இதைக் கேட்டவர் பெயரையோ எந்த இடம் என்பதையோ எழுதப் போவதில்லை. டெல்டாக்காரர்களுக்கு விளக்கவும் வேண்டாம். குறுவை அறுக்கும் நேரத்தில் வடகிழக்குப் பருவமழை தலைக்குமேல் நிற்கும். களத்தில் குவியல், மேலே தார்ப்பாய், ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் எடுக்க மாட்டார்கள். அந்த நேரத்தில் ஒருவன் கையை நீட்டுகிறான்.

வேதத்தின் கோபம் பெரும்பாலும் வாங்குபவன்மேல்தான் விழுகிறது. யாத்திராகமம் 23இல் லஞ்சம் வாங்காதே, அது கண்ணுள்ளவனையும் குருடாக்கும் என்று இருக்கிறது; சொல்லப்படுவது நியாயம் விசாரிக்கிறவனுக்கு. யோர்தான் கரையில் வரி வசூலிப்பவர்கள் நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டபோது, யோவான் ஸ்நானன் வேலையை விட்டுவிடு என்று சொல்லவில்லை. கட்டளையிட்டதற்கு மேல் வாங்காதே என்றார். சேவகர்களிடம், உங்கள் சம்பளம் போதும் என்றிருங்கள் என்றார் (லூக்கா 3). எடை போடுகிறவருக்கு இதைவிடக் குறிப்பாக என்ன சொல்ல முடியும்? நீதிமொழிகள் 11 “கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது” என்று ஆரம்பிக்கிறது.

கொடுப்பவன் பக்கத்தில் ஒரு சம்பவம் உண்டு. அப்போஸ்தலர் 24. செசரியாவில் பவுல் காவலில் இருக்கிறார். தேசாதிபதி பேலிக்ஸ் பணம் கிடைக்கும் என்று எதிர்பார்த்து அடிக்கடி கூப்பிட்டுப் பேசுகிறான். பவுல் கொடுக்கவில்லை. 2 வருஷம் உள்ளேயே கிடந்தார். பேலிக்ஸ் மாற்றலாகிப் போகும்போதும் விட்டுவிட்டுப் போகவில்லை.

இதை வைத்து நனைந்த நெல்லோடு நிற்பவனைப் பார்த்து ‘நீயும் பவுலாக இரு’ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பவுலுக்குப் போனது அவருடைய நாட்கள். இவனுக்குப் போவது பிள்ளைகளின் சாப்பாடும் வட்டிக் கடனும். நாங்கள் பேசி முடித்த இடம் இதுதான்: ஒற்றை ஆளாக மறுப்பது கஷ்டம், பத்துப் பேர் சேர்ந்து மறுக்கலாம். அந்தப் பத்துப் பேரைச் சேர்ப்பது சபையின் வேலையா இல்லையா என்பதில் இன்னும் இரண்டு கட்சி.

வாங்கியவருக்கும் ஒரு முன்மாதிரி இருக்கிறது. எரிகோவில் வரி வசூலித்த சகேயு, ஊர் முணுமுணுத்துக்கொண்டிருக்கும்போதே எழுந்து நின்று, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பித் தருகிறேன் என்றான். தானே ஒப்புக்கொண்டவன் வாங்கியதோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுத்தால் போதும் என்பதுதான் எண்ணாகமம் 5இன் சட்டம். ஆட்டைத் திருடிக் கொன்றவனுக்கு விதித்த நாலு மடங்கை அவன் தனக்கே விதித்துக்கொண்டான்.

தப்பு செய்தவரை வாட்ஸ்அப் குழுவில் போட்டு அம்பலப்படுத்தலாமா? உண்மையைத்தானே சொல்கிறோம்?

வரிசை முக்கியம். மத்தேயு 18: முதலில் நீயும் அவனும் தனியே. கேட்காவிட்டால் இன்னும் ஒன்றிரண்டு பேரோடு. அதற்கும் கேட்காவிட்டால் சபையில். குழுவில் போடுகிறவர்கள் மூன்றாம் படியிலிருந்து ஆரம்பிக்கிறார்கள், முதல் படியில் ஏறினால் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும் என்பதால். மூப்பர்மேல் குற்றச்சாட்டு வந்தால் இரண்டு மூன்று சாட்சி இல்லாமல் எடுக்காதே என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதுகிறார். அடுத்த வரியிலேயே, பாவம் செய்பவர்களை எல்லாருக்கும் முன்பாகக் கடிந்துகொள் என்றும் எழுதுகிறார். முதல் வரியைத் தலைவர்களும் இரண்டாம் வரியை மற்றவர்களும் பிடித்துக்கொள்வதுதான் வழக்கம்.

ஆனால் அந்தியோகியாவில் பவுல் பேதுருவை எல்லார் முன்னிலையிலும் கேட்டாரே (கலாத்தியர் 2)? கேட்டார். பேதுரு புறஜாதியாரோடு ஒரே பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், யாக்கோபிடமிருந்து ஆள் வந்ததும் எழுந்து ஒதுங்கினார். ஒதுங்கியது எல்லார் கண்முன்னும் நடந்தது. அதைப் பார்த்துப் பர்னபாவும் இழுபட்டார். பந்தியில் நடந்த தப்பைப் பந்தியிலேயே கேட்டார். யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிடலாம் என்பது நம் ஊரிலும் சபைக்குள் எட்டிப் பார்க்கிற விஷயம்தான், அதனால் இந்த அதிகாரத்தை வாசித்தபோது பாயில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

நாத்தானைப் பற்றியும் கேட்டார்கள். தாவீது உரியாவின் மனைவியை எடுத்துக்கொண்டு, உரியாவைப் போர்முனையில் சாகவிட்ட பிறகு, தீர்க்கதரிசி அரண்மனைக்கே போய், ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பணக்காரன் பிடித்துக்கொண்ட கதையைச் சொல்லி, அரசன் கொதித்ததும், நீயே அந்த மனுஷன் என்றார். தெருவில் சொல்லவில்லை. ஆனால் விஷயம் தெருவுக்கு வராமலும் இல்லை, இன்றுவரை வாசிக்கிறோம்.

இது எங்கள் மனுநீதிச் சோழன் கதை மாதிரி இல்லை?

சைவ நண்பர் கேட்டது. திருவாரூர் போனவர்கள் அந்தக் கல்தேரைப் பார்த்திருப்பார்கள். இளவரசனின் தேரில் கன்று அடிபட்டுச் செத்தது, தாய்ப்பசு அரண்மனை மணியை அடித்தது, அரசன் தன் மகனையே தேர்க்காலில் இட்டான். தாவீதின் வாசலில் மணி இல்லை, நாத்தான் உள்ளே போக வேண்டியிருந்தது. சோழன் முன்கூட்டியே மணி கட்டி வைத்திருந்தான். அந்த ஒரு விஷயத்தில் உங்கள் ராஜா முந்திக்கொண்டார் என்று ஒப்புக்கொண்டேன். சுண்டல் இரண்டாவது முறை கேட்டார்.

பொய்க் குற்றச்சாட்டு வந்தால் பதில் பேச வேண்டுமா, சும்மா இருக்க வேண்டுமா?

இயேசுவே இரண்டையும் செய்தார். ஏரோது வேடிக்கைக்காகக் கேள்விமேல் கேள்வி கேட்டபோது ஒரு வார்த்தையும் பேசவில்லை. பிரதான ஆசாரியன் அவருடைய போதகத்தைப் பற்றிக் கேட்டபோது, நான் வெளியரங்கமாகத்தான் பேசினேன், கேட்டவர்களை விசாரியுங்கள் என்றார். பக்கத்தில் நின்ற சேவகன் கன்னத்தில் அறைந்தபோது, நான் தகாததைப் பேசியிருந்தால் அதை நிரூபி, இல்லாவிட்டால் ஏன் அடிக்கிறாய் என்று கேட்டார் (யோவான் 18). அறைந்தவனைப் பார்த்து ஆதாரம் கேட்கிற அந்த நிதானம் எனக்கு வரவே வராது. கேள்வி விசாரணையாக இருந்தால் பதில். கூத்தாக இருந்தால் மௌனம். அப்படித்தான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

ஊர் விசாரித்தால் உண்மை வந்துவிடும் என்றும் வேதம் நினைப்பதில்லை. நாபோத் கதையை (1 இராஜாக்கள் 21) நிலம் வைத்திருப்பவன் வாசித்தால் வயிறு கலங்கும். அரசன் ஆகாப் கேட்டபோது, பிதாக்களின் நிலத்தை விற்க மாட்டேன் என்றான் நாபோத். அரசி யேசபேல் அரசன் பெயரில் எழுதி, முத்திரை போட்டு, ஊர்ப் பெரியவர்களுக்கு அனுப்பினாள். உபவாசம் கூறி, ஜனங்கள் முன் நாபோத்தை உட்காரவைத்து, இரண்டு சாட்சிகளை எதிரே உட்காரவைத்தார்கள். மோசேயின் சட்டம் கேட்ட இரண்டு சாட்சி சரியாக இருந்தது. முறைப்படி எல்லாம் நடந்தது. நாபோத் செத்தான்.

அதற்கு மருந்து போல இருப்பது சூசன்னா. கத்தோலிக்கர் விவிலியத்தில் தானியேல் 13. இரண்டு முதியவர்கள், இருவரும் நடுவர்கள், அவள்மேல் விபசாரப் பழி போடுகிறார்கள். ஊர் நம்பிவிட்டது, கொல்லக் கொண்டுபோகிறார்கள். இளைஞன் தானியேல் நிறுத்தி, இருவரையும் தனித்தனியே நிறுத்தி ஒரே கேள்வி கேட்கிறான்: எந்த மரத்தடியில் பார்த்தாய்? ஒருவர் ஒரு மரம் சொன்னார், மற்றவர் வேறு மரம். அவ்வளவுதான் விசாரணை. எங்கள் சபையார் பலருக்கு இந்தக் கதையே அன்றுதான் தெரியும்.

உயிரைக் காப்பாற்றப் பொய் சொல்லலாமா?

எபிரெய ஆண் குழந்தைகளைக் கொல்லச் சொன்ன பார்வோனிடம் எகிப்தின் மருத்துவச்சிகள் சொன்னது பொய்தான்; தேவன் அவர்களுக்கு நன்மை செய்தார் என்று இருக்கிறது. ராகாபும் ஒற்றரை ஒளித்துவிட்டுப் பொய் சொன்னாள். குழந்தைகளைக் கொல்லத் தேடுகிறவனுக்கு முகவரி சொல்லத்தான் வேண்டும் என்று வேதம் எங்கும் கட்டளையிடவில்லை. ஆனால் இந்தக் கேள்வியைக் கேட்கிற முக்கால்வாசிப் பேர் வாசலில் பார்வோன் நிற்பதில்லை, கடன் கொடுத்தவர்தான் நிற்கிறார்.

நம் பக்கத்தில் இப்படி நடந்துகொண்டவர் யாராவது?

தஞ்சாவூர் சுவார்ட்ஸ் ஐயரைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1750இல் தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மானிய மிஷனரி. 1798 பிப்ரவரி 13 அன்று தஞ்சையில் இறந்தார். 1779இல் சென்னையிலிருந்த கிழக்கிந்தியக் கம்பெனி அரசு அவரை ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு ஹைதர் அலியிடம் தூது அனுப்பியது. அந்தக் கிறிஸ்தவரை அனுப்புங்கள், அவர் என்னை ஏமாற்ற மாட்டார் என்று ஹைதரே கேட்டதாகப் பதிவு உண்டு. வழிச்செலவுக்கென்று ஹைதர் கொடுத்த 300 ரூபாயை ஊர் திரும்பியதும் அரசிடம் ஒப்படைத்தார். நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றபோது அதைத் தஞ்சையில் ஏழைப் பிள்ளைகளுக்கான பள்ளிக்கு ஒதுக்கினார்.

அதைவிடப் பெரிய விஷயம் அடுத்த சில வருஷங்களில் நடந்தது. ஹைதரின் படை டெல்டாவுக்குள் இறங்கியதில் தஞ்சைக் கோட்டைக்குள் பஞ்சம். வெளியே கிராமங்களில் நெல் இருந்தது, கொண்டுவர மாடு இல்லை. அரசரும் கம்பெனியும் கேட்டும் யாரும் மாட்டை அனுப்பவில்லை. முன்பு கொண்டுவந்தவர்களுக்குக் கூலி வரவில்லை. சுவார்ட்ஸ், ஒவ்வொரு மாட்டுக்கும் என் கையால் கொடுப்பேன் என்று ஊர் ஊராகக் கடிதம் எழுதினார். சில நாளில் ஆயிரத்துக்கு மேல் மாடுகள் வந்தன, 80,000 கலம் (தானியம் அளக்கும் பழைய அளவு) தானியம் உள்ளே போனது. கலம் எவ்வளவு என்று தெரிந்த பெரியவர்கள் எங்கள் கூட்டத்தில் இதைக் கேட்டு விசில் அடித்தார்கள். பேசியபடி கூலியும் கொடுத்தார். “ஆணையிட்டதில் தனக்கு நஷ்டம் வந்தாலும் தவறாதிருக்கிறான்” என்ற சங்கீதம் 15க்கு எங்கள் ஆட்கள் காட்டும் உதாரணம் இதுதான்.

கம்பெனிக்காரர்களோடு இத்தனை நெருக்கம் ஒரு ஊழியருக்குத் தேவையா என்று கேட்பவர்களும் உண்டு; நியாயமான கேள்வி. ஆனால் அவரை அருகிலிருந்து பார்த்த தஞ்சை சரபோஜி மன்னர் கடைசிவரை கிறிஸ்தவராகாதவர். அவர் தம் கையாலேயே ஆங்கிலத்தில் எழுதிய இரங்கல் வரிகள் கல்லில் வெட்டப்பட்டிருக்கின்றன. நேர்மையானவர், தூயவர், வேஷம் இல்லாதவர் என்று அதில் சொல்கிறார். ஆங்கிலச் சிற்பி ஃபிளாக்ஸ்மன் செதுக்கிய பளிங்குச் சிற்பம் சிவகங்கைக் குளத்தருகே உள்ள தேவாலயத்தில் இருக்கிறது. தஞ்சைக்குப் போகிறவர்கள் பெரிய கோயிலைப் பார்த்துவிட்டு நடந்தே போய்விடலாம்.

தலைவர்களின் அவமானத்தையெல்லாம் ஏன் எழுதி வைக்க வேண்டும்? சபைக்குக் கெட்ட பேர்தானே?

இயேசுவைத் தெரியாது என்று பேதுரு மறுதலித்த கதை நான்கு சுவிசேஷத்திலும் இருக்கிறது. குளிர், நெருப்பு, ஒரு வேலைக்காரப் பெண், ஒரு கேள்வி. கலிலேயப் பேச்சு அவரைக் காட்டிக்கொடுத்தது. நம் ஆள் சென்னைக்குப் போய் வாயைத் திறந்ததும் தஞ்சாவூரா என்று கேட்பார்களே, அது மாதிரி. அவர் சபைத் தலைவரான பிறகும் அந்தக் கதையை யாரும் நீக்கவில்லை. பிற்பாடு ஒவ்வொரு சபையிலும் அவர் முன்னாலேயே வாசித்திருப்பார்களோ என்னவோ. கெட்ட பேர் வரும் என்று அடித்துவிட்டிருந்தால், நோட்டில் பொய் எழுதிய பொருளாளர் எழுந்து நின்று பேச எங்களுக்கு ஒரு பக்கமும் இருந்திருக்காது.

கடைசியாக உங்கள் 2,300 ரூபாய் என்ன ஆனது?

ஆராதனை முடிந்ததும் நடந்ததை நடந்தபடி சொன்னேன். பொறுப்பிலிருந்து விலகினேன். கடன்காரர் கொடுத்த பணம் சபை வரவில் ஏறியது. நான் போட்டதை நன்கொடை என்று எழுதலாமா என்று கேட்டார்கள். வேண்டாம், ‘முந்தைய ஆண்டு தவறான பதிவு, திருத்தப்பட்டது’ என்று எழுதி என் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்றேன். கொடுத்தார்கள், ரசீதில் கையெழுத்து வாங்கிக்கொண்டு. இப்போது கணக்கை இரண்டு பேர் எண்ணுகிறார்கள், மாதாமாதம் செருப்பு விடும் வாசலில் ஒட்டுகிறார்கள். போன மாதம் யாரோ அதில் பென்சிலால் ஒரு 7ஐச் சுற்றி, ‘இது 1’ என்று எழுதியிருந்தார்கள். பார்த்தோம். 1தான்.